மூலங்களின் இணைவும் தூதின் செம்மையும்

உயர் உயிரினங்களிலே பரம்பரை இயல்புகளைத் தாங்கும் டீ.என்.ஏ. பெரும்பாலும் கலத்தின் கருவினுள்ளே அமைந்துள்ளது. புரதங்களோ கருவுக்கு வெளியே குழியவுருவில் தொகுக்கப்படுகின்றன. கருவின் கட்டளையைக் குழியவுருவுக்குக் கொண்டு செல்லும் பொருள் தூது ஆர்.என்.ஏ. என்பது 1961 இல் நிறுவப்பட்டது.

டீ.என்.ஏயின் ஈரிழை அமைப்பை 1953 இல் வாற்சனும் கிறிக்கும் விளக்கினர். இழைகளை இணைப்பவை மூலங்கள் எனப்படும் நைதரசன் சேர்வைகள். அடினின் தைமினுடன் இரண்டு ஐதரசன் பிணைப்புக்களாலும், குவானின் சைற்றோசினுடன் மூன்றாலும் இணையும். அடினினும் குவானினும் இரு வளையமுடையன. ஏனையவை ஒரு வளையமுடையன. பெரியதொன்றும் சிறியதொன்றும் சேர்வதனாலேயே இழைகளின் இடைத்தூரம் எங்கும் ஒத்திருக்கின்றது.

ஆர்.என்.ஏ. ஆக்கப்படும்போது ஈரிழையும் ஓரிடத்திற் பிரிகின்றன. ஆர்.என்.ஏ. பொலிமரேசு என்னும் நொதியம் ஓரிழையை அச்சாகக் கொண்டு புதிய இழையை அமைக்கின்றது. அச்சிலுள்ள தைமினுக்கு எதிரே அடினினும், குவானினுக்கு எதிரே சைற்றோசினும், சைற்றோசினுக்கு எதிரே குவானினும் அமையும். அடினினுக்கு எதிரே மட்டும் தைமினுக்குப் பதிலாக யுரசில் அமையும். தைமினிலுள்ள மெதைற் கூட்டம் யுரசிலில் இல்லை. அக்கூட்டம் இணையும் பக்கத்தில் அமையாமையால் இணைவுக்கு இடையூறில்லை.

இவ்விதி வரிசையைக் காக்குமேயன்றி, அதன் நன்மை தீமையை ஆராயாது. ஈமோகுளோபினின் பீற்றாச் சங்கிலி 146 அமினோவமிலங்களாலானது. அதன் ஆறாம் அமினோவமிலத்துக்குரிய அச்சு சைற்றோசின், தைமின், சைற்றோசின் என்பதாகும். அதிலிருந்து குவானின், அடினின், குவானின் என்னும் தூது பிறக்கும். அதன் பொருள் குளுத்தாமிக்கமிலம். அச்சின் நடுவிலுள்ள தைமின் அடினினாக மாறிவிடின், தூதின் நடுவில் யுரசில் அமைந்து, வலீன் இடம்பெறும். இணைவு விதி எங்கும் மீறப்படவில்லை. எனினும் பிழை செம்மையாகப் படியெடுக்கப்பட்டுவிட்டது.

தாய் தந்தை இருவரிடமிருந்தும் இம்மாற்றத்தைப் பெற்ற குழந்தைக்கு அரிவாட் கல நோய் உண்டாகின்றது. ஒட்சிசனை இழந்த ஈமோகுளோபின் நார்போற் திரள, செங்குருதிக் கலங்கள் வளைந்து நுண்குழாய்களை அடைக்கின்றன. கடும் நோவும் உறுப்புச் சிதைவும் தொடர்கின்றன. இதற்குக் காரணமான அமினோவமில மாற்றத்தை 1957 இல் இங்கிரம் எடுத்துக்காட்டினார்.

2023 இல் பிரித்தானியாவும் அமெரிக்காவும் இந்நோய்க்கு மரபணுத் திருத்தச் சிகிச்சையொன்றை அனுமதித்தன. அது பிழையான மூலத்தை மாற்றுவதன்று. முதிர்கருவுக்குரிய ஈமோகுளோபினை மீண்டும் உண்டாக்குவது. அச்சிகிச்சையில் டீ.என்.ஏயின் உரிய இடத்தைத் தேடிக் கண்டறிவதும் ஓர் ஆர்.என்.ஏ. இழையே. அதனை வழிநடத்துவதும் இதே இணைவு விதியாம். பிழையைச் சுமந்து சென்ற விதியே பரிகாரத்துக்கும் வழிகாட்டுகின்றது.