பத்தடி அறையில் பதினைந்து இஞ்ச்

கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீப்ஸில் வளர்ந்தவர்களுக்கு அதிர்வு என்றால் என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சுரங்கம் ஓடிய காலத்தில் அடியில் எங்கோ பாறை வெடித்தால், மேலே அடுக்களை அலமாரியில் எவர்சில்வர் தட்டுகள் கலகலத்துவிட்டு அடங்கும். பெரியவர்கள் ஒரு கணம் பேச்சை நிறுத்துவார்கள். எந்த ஷிப்டில் யார் கீழே இருக்கிறார்கள் என்ற கணக்கு அந்த ஒரு கணத்தில் ஓடிவிடும்.

மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிய சுரங்கம் அது. பாறையின் முனகலைப் பதிவு செய்ய 1970-களின் பிற்பகுதியில், பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் துணையோடு, தங்கவயலில் ஜியோபோன்களை வைத்தார்கள். 1988-ல் பாறை இயக்கவியலுக்கான தேசிய நிறுவனமே சாம்பியன் ரீப்ஸில் தொடங்கப்பட்டது. ஜியோபோனைப் பிரித்தால் உள்ளே பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. ஒரு காந்தம், அதைச் சுற்றி ஸ்பிரிங்கில் தொங்கும் செம்புக்கம்பிச் சுருள், அவ்வளவுதான். தரை ஆடினால் சுருளில் மின்சாரம் பிறக்கும். அதையே தலைகீழாக்குங்கள்: சுருளுக்கு மின்சாரம் கொடுத்தால் அது ஆடும், ஒட்டியிருக்கும் காகிதக் கோனையும் ஆட்டும். அதுதான் ஸ்பீக்கர். 1925-ல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக்கில் ரைஸும் கெல்லாக்கும் காட்டிய வடிவம் இன்றைக்கும் பெரிதாக மாறவில்லை.

அந்தக் காலத்துப் பெரிய ஸ்பீக்கர்கள் மேல் இப்போது ஒரு மோகம் திரும்பியிருக்கிறது. பழைய ரெக்கார்டு பிளேயரைத் தூசி தட்டியவர்கள் அடுத்துக் கேட்பது, "பதினைந்து இஞ்ச் ஜோடி எங்கே கிடைக்கும்?" என்றுதான். நான் முதலில் கேட்பது, "உங்கள் அறை எத்தனை அடி?"

எங்கள் ஊரில் இந்தக் கேள்விக்கு இரண்டு பதில்தான். ஒன்று, சுரங்கத்தை நடத்திய ஜான் டெய்லர் கம்பெனி காலத்துத் துரைமார் பங்களா: தடித்த கல்சுவர், உயர்ந்த கூரை, தாராளமான கூடம். இன்னொன்று சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடு. பத்தடிக்குப் பத்தடி என்பது ஊர்க்கணக்கு. ஒரு காலத்தில் மூங்கில் தட்டிதான் சுவர். இன்றும் பக்கத்து வீட்டுக்காரர் இருமினால் இங்கே தண்ணீர் எடுத்து நீட்டலாம்.

லைன் வீட்டு அறையில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. ஒலி நொடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர் போகிறது. எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே பத்தடி, அதாவது மூன்று மீட்டர் சொச்சம் இருந்தால், 56 ஹெர்ட்ஸ் பக்கத்தில் அந்த அறை தானாகவே முழங்கும். நீளம், அகலம் இரண்டும் பத்தடி என்பதால் முழக்கம் இரட்டிப்பு. கூரையும் அதே உயரம் என்றால் மூன்றும் ஒரே இடத்தில் வந்து உட்காரும். பேஸ் கிடாரின் ‘ஏ’ கம்பியை விரலால் அழுத்தாமல் மீட்டினால் 55 ஹெர்ட்ஸ். இளையராஜா பாட்டில் பேஸ் கிடார் அழகாக நடந்து வரும்போது ஒரு ஸ்வரம் மட்டும் வீட்டையே விழுங்கப் பார்க்கிறது என்றால் ஸ்பீக்கரைத் திட்டாதீர்கள். வேலையைக் காட்டுவது அறை. அறையின் நட்டநடுவில் உட்கார்ந்தால் நேர்மாறாக அதே ஸ்வரம் காணாமல் போகும். ஓரடி, ஒன்றரை அடி பின்னால் நகர்ந்து உட்கார்ந்து பாருங்கள், பைசா செலவில்லாத வைத்தியம்.

தட்டிச் சுவருக்கும் ஒரு நல்ல குணம் உண்டு. கனத்த கல்சுவர் அடிநாதத்தைத் திருப்பி அனுப்பும், மெல்லிய சுவர் வெளியே விட்டுவிடும். அதனால் உள்ளே முழக்கம் கொஞ்சம் குறையும். குறைந்தது எங்கே போகிறது என்று பக்கத்து வீட்டு அத்தை வந்து சொல்வார்.

சினிமா கொட்டகையில் இருந்த ஸ்பீக்கர் என்றாலே பேஸ் பிளந்துகட்டும் என்று ஒரு நம்பிக்கை. பாதிதான் உண்மை. ஆல்டெக் லான்சிங்கின் ‘வாய்ஸ் ஆஃப் தி தியேட்டர்’ ஏ7-ஐ எடுத்துக்கொள்வோம். பெட்டி மூன்றரை அடி உயரம், இரண்டரை அடி அகலம், இரண்டடி ஆழம், அதற்கு மேல் உச்சநாதத்துக்கு உலோக ஹாரன். சின்ன வால்வு ஆம்ப்ளிஃபையரை வைத்துக் கடைசி வரிசை வரை வசனத்தைக் கொண்டுசேர்க்கச் செய்த பெட்டி அது. ஒரு வாட்டுக்கு நூறு டெசிபெலைத் தொடும். ஆனால் மிக ஆழமான நாதம் அதில் இறங்காது. சத்தம் பெரிது, ஆழம் நடுத்தரம். வீட்டுக்கு ஐந்து வாட் போதும். அதற்கு நூறு வாட் ஆம்ப்ளிஃபையர் மாட்டுவது, கொசுவை அடிக்கக் கடப்பாரையைத் தூக்குவது.

இன்னொரு சங்கடம் தூரம். கீழே பதினைந்து இஞ்ச் கோன், மேலே ஹாரன். இரண்டின் ஒலியும் கலந்து ஒரே குரலாக வர எட்டுப் பத்தடியாவது தள்ளி உட்கார வேண்டும். பத்தடி அறையில் பெட்டியே இரண்டடியைத் தின்றுவிட்டால் மிச்சம் என்ன? பாடகரின் மார்பு ஒரு பக்கமும் தொண்டை ஒரு பக்கமும் தனித்தனியாகப் பாடும். போதாததற்கு நாம் பாயில் உட்காருகிறவர்கள். சப்பணமிட்டால் காது தரையிலிருந்து இரண்டரை அடியில் இருக்கும், ஹாரனோ நாலடியில். ஒன்று நாற்காலி போட வேண்டும், இல்லை ஹாரனைக் கீழ்நோக்கிச் சாய்க்க வேண்டும். இந்தச் சின்ன விஷயத்தைச் செய்யாமலே "ட்வீட்டர் டல்லாக இருக்கிறது" என்று விற்றுவிட்டவர்களை எனக்குத் தெரியும்.

இடம் குறைந்தவர்களுக்கு டானாயின் டூயல் கான்சென்ட்ரிக் நல்ல ஏற்பாடு. 1947-ல் வந்தது. பெரிய கோனின் நடுவிலேயே ஹாரன் இருப்பதால் அருகில் உட்கார்ந்தாலும் குரல் பிளக்காது. 1946-ல் பால் கிளிப்ஷ் செய்த கிளிப்ஷ்ஹார்ன் வேறு வழிக்குப் போனது. சுவர் மூலையையே ஹாரனின் நீட்சியாக்கிக்கொண்டது. கேட்க ஆசையாக இருக்கும். ஆனால் அதற்கு இரண்டு சுத்தமான மூலை வேண்டும். நம் வீட்டில் ஒரு மூலையில் சாமிப்படம், இன்னொன்றில் பீரோ.

பீரோ என்றதும் நினைவு வருகிறது. தகர பீரோவைப் போல ஸ்பீக்கருக்கு விரோதி வேறில்லை. ஒரு சாயங்காலம் முழுக்க ஸ்பீக்கரின் செம்புச் சுருள், அதாவது வாய்ஸ் காயில், உரசுகிறது என்று நினைத்து உயிரை விட்டேன். கடைசியில் உரசியது பீரோ சாவியில் தொங்கிய சாவிக்கொத்து.

பெங்களூரில் ஒரு வியாபாரியிடம் பழைய பெட்டி ஒரு ஜோடி வாங்கினேன். ரயிலேற்றிக் கொண்டுவந்து வலைத்துணியைக் கழற்றி விரலை வைத்தேன். கோனைச் சுற்றியிருந்த ஃபோம் வளையம் நனைந்த ரஸ்க் மாதிரி உதிர்ந்தது. பதினைந்து, இருபது வருடத்தில் ஃபோம் அப்படித்தான் ஆகும் என்று தெரிந்தும் துணியைக் கழற்றிப் பார்க்காதது என் முட்டாள்தனம். அதைவிடப் பழைய ஸ்பீக்கர்களில் விளிம்பு மடித்த துணியாக இருக்கும், அது தலைமுறை தாண்டும்.

அன்றிலிருந்து ஒரு வழக்கம். இரண்டு கை விரல்களையும் விரித்துக் கோனைச் சமமாக, மெதுவாக அழுத்துவேன். உள்ளே சரசரவென்று கேட்டால் எழுந்துவிடுவேன். பிறகு ஒன்றரை வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டுப் பார்ப்பேன். பிளஸ்ஸில் பிளஸ் வைத்தால் கோன் முன்னால் வர வேண்டும். பழைய ஜேபிஎல் மட்டும் பின்னால் போகும், அது கோளாறில்லை, அந்தக் கம்பெனியின் அந்நாளைய வழக்கம். எதுவானாலும் ஜோடி இரண்டும் ஒரே பக்கம் போக வேண்டும். ஒன்று வந்து ஒன்று போனால் அடிநாதம் ஒன்றையொன்று தின்றுவிடும்.

இனி இடம். சுரங்கத்தில் வேலை தொடங்குமுன் கூரைப் பாறையைக் கம்பியால் தட்டிப் பார்ப்பார்கள். கெட்டியாகக் கணீரென்றால் சரி, பொள்ளலாகக் கேட்டால் பாறை விட்டிருக்கிறது. அறையையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். காலி அறையில் ஒரு கைதட்டு. டிர்ர் என்று எதிரொலி ஓடினால் ஸ்பீக்கர் வருமுன் மெத்தையும் துணிக்கொடியும் புத்தகமும் வந்தாக வேண்டும். பெட்டியைச் சுவரை ஒட்டி வைத்தால் பேஸ் ஏறும், மூலைக்குத் தள்ளினால் இன்னும் ஏறும். கோன் சுவரிலிருந்து இரண்டடி தள்ளியிருந்தால் 140 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு பள்ளம் விழும். ஆண் குரலின் கனம் இருக்கும் இடம் அது. அதனால் ஒரேயடியாக இழுக்காமல் நாலு நாலு இஞ்சாக நகர்த்துங்கள். தரையில் சாக்பீஸ் கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஒரு வாரம் ஒரே பாட்டு. வீட்டில் திட்டு விழும்.

என் தீர்ப்பு இது: லைன் வீட்டுக்குப் பழைய பத்து, பன்னிரண்டு இஞ்ச்தான் கட்டும், பதினைந்து இஞ்ச் ஹாரன் ஜோடி பங்களாக் கூடத்துக்கு. பிடிவாதமாக லைன் வீட்டில் வைத்தே தீருவேன் என்பவர் பீரோவை வெளியேற்றட்டும். பார்க்கப் போகும்போது இஞ்ச் டேப், ஒரு பேட்டரி, கண்ணை மூடினாலும் தெரிகிற ஒரு பாட்டு, மூன்றையும் எடுத்துப் போங்கள். வலைத்துணியைக் கழற்ற விடாத ஆளிடம் விலையே பேசாதீர்கள்.