டிஸ்க் போச்சு, சரி. படம் எங்கே?

2023 செப்டம்பர் 29ஆம் தேதி, அமெரிக்காவில் நெட்ஃப்ளிக்ஸ் தன்னோட கடைசி டிவிடியைத் தபாலில் போட்டது. ஆமா, நெட்ஃப்ளிக்ஸ்தான். அந்த கம்பெனி 1998ல் ஆரம்பித்ததே டிவிடியைத் தபாலில் அனுப்புகிற தொழிலோடுதான். ஸ்ட்ரீமிங் வந்தது 2007ல். அதுக்கப்புறம் 2024ல் பெஸ்ட் பை என்கிற பெரிய எலக்ட்ரானிக்ஸ் கடைக்காரங்க சினிமா டிஸ்க் விற்பதையே நிறுத்திட்டாங்க. 2025 பிப்ரவரியில் சோனி, நாமே பதிவு செய்துகொள்கிற வெற்று ப்ளூ-ரே டிஸ்க் தயாரிப்பை மூடியது. ஒவ்வொரு செய்திக்கும் வெளிநாட்டு ரசிகர்கள் இரங்கல் கூட்டம் மாதிரி வீடியோ போட்டாங்க.

நான் படப்பைக்காரன். வண்டலூர் – வாலாஜாபாத் ரோட்டில், ஒரு பக்கம் தாம்பரம், இன்னொரு பக்கம் ஒரகடம் ஃபேக்டரிகள், நடுவில் எங்க ஊர். எங்க பஜாரில் டிஸ்க் கடைகள் எப்போ மூடின என்று யாரைக் கேட்டாலும் தேதி சொல்ல மாட்டாங்க. ஒருநாள் பார்த்தா அந்த இடத்தில் ரீசார்ஜ் கடை இருந்தது, அவ்வளவுதான். யாரும் வருத்தப்படல. ஏன் வருத்தப்படல என்பதுதான் இன்னைக்குப் பேச வந்த விஷயம். அதுக்குள்ள நாம் நிஜமாகவே எதையோ தொலைச்சிருக்கோம்.

முதல்ல கொஞ்சம் பின்னாடி போகணும். எங்க அப்பா தலைமுறைக்கு வீட்டில் படம் பார்ப்பது என்றால் ‘டிவி டெக் வாடகைக்கு எடுக்கிறது’. ஒரு ராத்திரிக்கு மூணு கேசட், தெரு மொத்தமும் திண்ணையில். அந்த கேசட் யுகத்தைக் காலி பண்ணியது டிவிடி இல்லை, விசிடி. 1993ல் பிலிப்ஸ், சோனி மாதிரியான கம்பெனிகள் சேர்ந்து கொண்டுவந்த தரம் அது. பாட்டு சிடி இருக்கே, அதே தகடுதான்; உள்ளே பாட்டுக்குப் பதிலா படத்தைச் சுருக்கி வைத்தாங்க. ஒரு தகட்டில் 74லிருந்து 80 நிமிஷம்தான் கொள்ளும். நம்ம படமோ இரண்டரை மணி நேரம். அதனால்தான் இடைவேளைக்கு ஒருத்தர் எழுந்து போய் ‘ரெண்டாவது டிஸ்க்’ மாத்தணும். அகலத்துக்கு 352 புள்ளி, உயரத்துக்கு 288 புள்ளி, இவ்வளவுதான் அதோட படம். இன்னைக்கு உங்க போனில் சிக்னல் சரியா இல்லாம மங்கலா ஓடுதே, அதைவிடச் சுமார். அமெரிக்காவில் விசிடியை யாரும் சீண்டவே இல்லை. சீனா, இந்தோனேசியா, இந்தியா மாதிரி ஊர்களில்தான் அது ராஜா. விலை குறைவு, பிளேயர் எதையும் ஓட்டும், கேசட் மாதிரி பூஞ்சை பிடிச்சு நாடா சிக்காது.

அதனால ‘டிஸ்க்கில்தான் தரம் அதிகம், ஸ்ட்ரீமிங்கில் குறைவு’ என்கிற வெளிநாட்டு வாதத்தை இங்கே அப்படியே கொண்டுவராதீங்க. ப்ளூ-ரே பக்கம் அது உண்மைதான். ஆனா படப்பையில் ப்ளூ-ரே பிளேயர் வைத்திருந்த வீட்டை நான் பார்த்ததில்லை. நமக்கு ஸ்ட்ரீமிங் வந்தபோது படம் தெளிவாகத்தான் ஆச்சு.

நம்ம கதையில் வேற ஒரு கோணல் இருக்கு. புதுத் தமிழ்ப் படத்தோட ஒரிஜினல் டிஸ்க் பெரும்பாலும் தமிழ்நாட்டில் கிடைக்காது. லண்டனிலோ பாரிஸிலோ டொரன்டோவிலோ இருக்கிற தமிழர்களுக்குக் கிடைக்கும். லண்டனை மையமா வைத்த ஐங்கரன் இன்டர்நேஷனல் மாதிரியான நிறுவனங்கள் அங்கே அழகா அச்சிட்ட டிவிடி விட்டாங்க, ஆங்கில சப்டைட்டிலோட. இங்கே தியேட்டர்காரங்க வசூல் போயிடும்னு பயந்தாங்க, தயாரிப்பாளர்கள் தியேட்டர்காரங்களுக்குப் பயந்தாங்க. ஆனா பார்க்க ஆசைப்பட்டவன் காத்திருப்பானா? பீச் ஸ்டேஷன் எதிரே இருக்கிற பர்மா பஜாரிலிருந்து தாம்பரம் வரைக்கும் ‘திருட்டு விசிடி’ ஓடியது. முதல் வாரம் கேமரா பிரிண்ட். முன்சீட்டுக்காரர் தலை, யாரோ இருமுற சத்தம் எல்லாம் படத்தோட சேர்ந்து வரும். வெளிநாட்டு டிவிடி வந்த பிறகு, அதையே காப்பி அடித்த ‘மாஸ்டர் பிரிண்ட்’. கடைசியா ஒரே டிவிடியில் ஐந்து படம்.

அரசாங்கம் சும்மா இருக்கல. குண்டர் சட்டம் என்று சொல்கிற 1982ஆம் வருஷத்துச் சட்டம் இருக்கே, அதில் 2004ல் ‘வீடியோ பைரட்’ என்கிற வகையையும் சேர்த்தாங்க. கள்ளச்சாராயம் காய்ச்சுகிறவரும் படம் காப்பி அடிக்கிறவரும் ஒரே சட்டத்தின் தலைப்பில் வந்துட்டாங்க. பிடிபட்டவங்க உண்டு. வியாபாரம் நின்றதா? நிற்கல. சட்டத்தால முடியாததைக் கொஞ்ச நாளைக்குச் செய்து காட்டியது விலை.

2007ல் மோசர் பேர் வந்தது. நொய்டாவில் ஆலை வைத்து வெற்று சிடி, டிவிடி தயாரித்து உலகத்துக்கே விற்ற கம்பெனி. அவங்க படங்களோட வீடியோ உரிமையை மொத்தமாக வாங்கி, விசிடி 28 ரூபாய், டிவிடி 34 ரூபாய் என்று இறக்கினாங்க. அதுவரை ஒரிஜினல் டிவிடி என்றால் நூற்றுக்கணக்கில் கொடுக்கணும். இப்போ திருட்டு டிஸ்க்கும் நல்ல டிஸ்க்கும் கிட்டத்தட்ட ஒரே விலை. அதே காலத்தில்தான், 2006லிருந்து, தமிழக அரசு வீட்டுக்கு வீடு இலவச கலர் டிவி கொடுத்துக்கொண்டிருந்தது. டிவி வந்த வீட்டில் அடுத்து என்ன வாங்குவாங்க? பிளேயர்தான். எங்க ஊரில் பேனா, நோட்டு விற்கிற கடை வாசலில் சரம் சரமா மோசர் பேர் கவர்கள் தொங்கும். எங்க பாட்டி மாவு அரைக்கக் கொடுத்துட்டு வரும்போது ஒரு சிவாஜி படம் வாங்கிட்டு வருவாங்க. கீரைக்கட்டோட சேர்த்து அதுவும் பையில் இருக்கும்.

இந்த மலிவு டிஸ்க்கில் அதிகம் பயன் அடைந்தது புதுப்படம் இல்லை, பழைய படம். 50கள், 60கள், 70களில் வந்த எத்தனையோ தமிழ்ப் படங்கள், தியேட்டரில் ஓடி முடித்து, டிவியில் எப்போதாவது தலைகாட்டி, காணாமப் போயிருந்தன. அவை முதல்முறையா ஒரு சாதாரண வீட்டு அலமாரிக்கு வந்தது அப்போதுதான்.

டிஸ்க்கைப் புதுப்படத்துக்கும் முறையா கொண்டுவரப் பார்த்தவர் இயக்குநர் சேரன். 2015 மார்ச்சில் ‘சினிமா டு ஹோம்’, சுருக்கமா சி2ஹெச், என்கிற திட்டத்தில் தன்னோட ‘ஜேகே எனும் நண்பனின் வாழ்க்கை’ படத்தை நேரடியா டிவிடியில் விட்டார். விலை 50 ரூபாய். சொந்த ஏஜென்ட்கள் மூலமா வீட்டுக்கே வரும் ஏற்பாடு. எனக்கு இன்னும் மதிப்பு இருக்கிற முயற்சி அது. ஆனா அது வந்தது தப்பான வருஷத்தில். ஜனங்க அதுக்குள்ள டிஸ்க்கை விட்டே நகர்ந்திருந்தாங்க.

எங்கே நகர்ந்தாங்க? ஓடிடிக்கு இல்லை. இதை நிறைய பேர் மறந்துடறாங்க. நடுவில் ஒரு மெமரி கார்டு காலம் இருந்தது. ஒரகடம் பக்கம் கம்பெனிகள் வர வர, படப்பை, மணிமங்கலம் பக்கமெல்லாம் வாடகை அறைகளில் பசங்க நிறைஞ்சாங்க. ஆறு பேர் இருக்கிற ரூமில் டிவி எங்கே, பிளேயர் எங்கே? கையில் இருந்தது போன். ஷிஃப்ட் முடிந்து வரும்போது மொபைல் கடையில் கார்டைக் கழற்றிக் கொடுத்தா, கடைக்காரர் கம்ப்யூட்டரில் சொருகி, கேட்ட படத்தை ஏத்திக் கொடுப்பார். தகட்டைக் கொன்றது இந்தக் கடைதான்னு நான் சொல்வேன். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை தரைமட்டத்துக்கு இறங்கியபோது அந்தக் கடையும் காலி. அதே வருஷம் ஜனவரியில் நெட்ஃப்ளிக்ஸ், டிசம்பரில் அமேசான் பிரைம் வீடியோ இந்தியாவுக்கு வந்தன. 2020 மே மாதம், ஊரடங்கில், ‘பொன்மகள் வந்தாள்’ தியேட்டருக்கே போகாம நேரா பிரைமில் வந்தது. தியேட்டர்காரங்க கொதித்தாங்க. சேரன் ஐந்து வருஷம் முன்னாடி தட்டிய கதவு, வேற ஒருத்தருக்குத் திறந்தது. மோசர் பேர்? கடனில் மூழ்கி, 2018ல் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம் அதைக் கலைத்துவிட உத்தரவு போட்டது.

சரி, இதில் நாம் என்ன தொலைச்சோம்? கையில் வைத்திருக்கிற உரிமையை.

ஒரு உதாரணம். நயன்தாரா நடித்த ‘அன்னபூரணி’, 2023 டிசம்பர் 1ஆம் தேதி சென்சார் சான்றிதழோடு தியேட்டருக்கு வந்தது. டிசம்பர் கடைசியில் நெட்ஃப்ளிக்ஸில் வந்தது. மத உணர்வைப் புண்படுத்துதுன்னு புகார்கள் கிளம்பின. ஜனவரி இரண்டாவது வாரத்தில் படம் அங்கே இல்லை. அந்தப் படம் பிடிக்குமா, புகார் நியாயமா என்பதெல்லாம் தனி விவாதம். நான் கவனிக்கச் சொல்றது ஒன்றுதான்: முந்தின நாள் பாதி பார்த்துட்டு மீதியை நாளைக்குப் பார்க்கலாம்னு தூங்கினவங்களுக்கு, மறுநாள் அந்தப் படம் இல்லை. டிஸ்க்காக வந்திருந்தா, விற்ற டிஸ்க்கை வீட்டுக்கு வீடு வந்து யாரும் பிடுங்கியிருக்க முடியாது. வெட்டி ஒட்டி மாற்றியிருக்கவும் முடியாது.

‘வாங்கு’ன்னு பட்டன் இருக்கிற இடத்திலும் இதே கதைதான். காசு கொடுத்து வாங்கினாலும் உங்களுக்குக் கிடைப்பது பார்க்கிற அனுமதிதான், படம் இல்லை. இதை வாங்குறவங்களுக்குத் தெளிவா சொல்லியே ஆகணும்னு கலிஃபோர்னியா மாநிலம் 2024ல் ஒரு சட்டமே போட்டது.

புதுப்படமாவது எங்கேயாவது சுற்றி வந்துடும். என் கவலை பழைய படங்கள் மேல. முதல் தமிழ்ப் பேசும் படம் ‘காளிதாஸ்’, 1931. அதோட பிரதி ஒன்றுகூட இன்றைக்கு இல்லை. அதுக்குப் பின்னாடி வந்த பல படங்களுக்கும் நெகட்டிவ் பாழாகிப்போச்சு. ‘கர்ணன்’ மாதிரி படத்துக்கு ஆள் இருந்தாங்க. டிஜிட்டலில் புதுப்பித்து 2012ல் தியேட்டரில் விட்டாங்க, கூட்டம் அலைமோதியது. சுமாரா ஓடிய ஒரு 1958 படத்துக்கு யார் செலவு பண்ணுவாங்க? யூடியூப்பில் ஒரு பழைய படத்தைத் தேடிப் பாருங்க. ஓரத்தில் ஏதோ ஒரு டிஸ்க் கம்பெனியோட லோகோ மினுங்கும். பாட்டு நடுவில் சின்னச் சின்ன சதுரமா உடையும். அது விசிடியிலிருந்து எடுத்த காப்பி. பல படங்களுக்கு நாம எல்லாரும் பார்க்கக் கிடைக்கிற வடிவம் அதுதான். ஓடிடி தளங்கள் அந்தப் படங்களைத் தேடி வரல; எத்தனை பேர் பார்ப்பாங்கன்னு கணக்குப் போடுவாங்க, அது அவங்க வியாபாரம்.

தகடு எவ்வளவு தாங்கும்? 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாறு பொங்கி முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் வீடுகள் மூழ்கினது உங்களுக்கு நினைவிருக்கும். முடிச்சூரில் எங்க சித்தப்பா வீட்டுக்குள்ள இடுப்பளவு தண்ணி. வடிந்த பிறகு போனா, டிவி, பிளேயர், மெத்தை, ரேஷன் அரிசி எல்லாம் சேறு. சித்தி அந்த டிஸ்க் பையையும் குப்பையில் போட எடுத்தாங்க. சித்தப்பா விடல. ரெண்டு பேரும் உட்கார்ந்து சோப்புத் தண்ணியில் ஒவ்வொன்றா கழுவி மொட்டை மாடியில் நிழலில் காயப்போட்டோம். கவரெல்லாம் கூழ். தகடுகளில் பெரும்பாலானவை ஓடின. ஆனா ஓட்டிப் பார்க்க பிளேயர் தேடித்தான் நாலு வீடு அலைந்தோம். அப்பவே அப்படி.

அதனால, பரணில் டிஸ்க் இருக்கிறவங்க பழைய சாமான்காரரிடம் போடுறதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் ஒதுக்குங்க. தகட்டைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்க. வெள்ளி மாதிரி பளபளன்னு இருந்தா அது பெரும்பாலும் ஆலையில் அச்சில் அழுத்தி எடுத்தது, ஆயுள் அதிகம். ஊதா, பச்சை, நீலம்னு சாயல் தெரிஞ்சா கம்ப்யூட்டரில் எழுதியது; அதில் இருக்கிற சாயம் நம்ம ஊர் வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் சீக்கிரம் கெடும், அதை முதல்ல காப்பி எடுங்க. விசிடியில் மேல்பக்கத்தை, அதாவது படம் போட்ட பக்கத்தை, கீறிடாதீங்க. தகவல் இருக்கிற அலுமினியப் படலம் அந்தப் பக்கம்தான், மேலே மெல்லிய பூச்சு மட்டும். டிவிடியில் படலம் இரண்டு பிளாஸ்டிக் தகட்டுக்கு நடுவில் இருக்கு, கொஞ்சம் பாதுகாப்பு. துடைக்கும்போது வட்டமா துடைக்காம, நடுவிலிருந்து வெளியே நேர்கோடா துடைங்க.

வீட்டு டிஸ்க்குகளையும் பாருங்க. அக்கா கல்யாணம், காதுகுத்து, தாத்தா பேசுற ஒரே வீடியோ. அதுக்கு ஓடிடியும் கிடையாது, யூடியூப்பும் கிடையாது. விசிடி என்றால் உள்ளே ‘எம்பெக்ஏவி’ என்கிற ஃபோல்டரில் பெரிய ஃபைல் இருக்கும். அதைக் கம்ப்யூட்டருக்கு இழுத்துப் போட்டு விஎல்சியில் திறந்தா ஓடும். இப்போ வர்ற லேப்டாப்பில் டிஸ்க் போட இடமே இருக்காது. யூஎஸ்பியில் மாட்டுற டிவிடி டிரைவ் ரிச்சி ஸ்ட்ரீட்டில் இன்னும் கிடைக்குது. தனியா வாங்க வேண்டாம், நாலு வீட்டுக்கு ஒன்று போதும். எங்க தெருவில் என்னோடது இப்போ மூணாவது வீட்டில் இருக்கு.