இணைப்பு வடம் தேர்ந்த கதை

எங்கள் ஆசிரியப் பெருந்தகை நன்னூற் சொல்லதிகாரம் பாடஞ் சொல்லிய குரல் ஒலிநாடா ஒன்றில் என்னிடம் உண்டு. 1988ஆம் ஆண்டிற் பதிந்தது. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் விட்டுத் தென்மராட்சிக்கு நடந்த அவ்விரவில், ஏடுகளையும் நூல்களையும் வீட்டில் விட்டு, இந்நாடாவை மடியிற் கட்டிக்கொண்டு சென்றேன். ஆசிரியர் இன்று இல்லை. அக்குரலுக்கு வேறு பதிவும் இல்லை.

சென்ற ஆண்டு பழைய நாடாப் பொறி ஒன்றும் அம்பிளிபயர் ஒன்றும் இரண்டு ஸ்பீக்கர்களும் தேடி வாங்கி, அந்நாடாவை ஓடவிட்டேன். குரலின் மேல் ‘ம்ம்’ என்றோர் இரைச்சல் கவிந்தது. மெல்லின ஒலிகள் யாவும் அதனுள் அமிழ்ந்தன. நாடா பழுதுற்றதென்றே நெஞ்சந் துணுக்குற்றது. கடையொன்றில் இதனைச் சொன்னபோது, வணிகர் வெள்ளி முலாமிட்ட, பெருவிரற் பருமனான வடமொன்றை எடுத்து வைத்து, “இதைப் பூட்டினால் எல்லாஞ் சரி” என்றார். விலையோ என் மாதச் சம்பளத்திற் பாதிக்கு மேல். கையிற் பணமில்லாமையே அன்று என்னைக் காத்தது.

யான் வடம் என்கிறேன், கடையில் ‘ஆர்.சி.ஏ. வயர்’ என்று கேட்டாலன்றி எவரும் எடுத்துத் தரார். இவ்வகைப் பிளக்கை வழக்கிற்குக் கொணர்ந்த அமெரிக்க வானொலிக் கூட்டுத்தாபனத்தின் முதலெழுத்துகள் அவை. வடம் என்றவுடன் தேர்வடம் நினைவில் வருதலாற் போலும், பருமனே வலிமையென மனம் மயங்குகிறது.

என்னிடந் தமிழ் படித்துப் பின் மின்னியல் கற்ற மாணவர் ஒருவர் வீட்டிற்கு வந்தார். “முதலில் நாடா குற்றவாளியா என்று பார்ப்போம், ஐயா” என்று, நாடாப் பொறியிலேயே காதுக்கருவியைச் செருகி என்னிடந் தந்தார். இரைச்சல் இல்லை! ஆசிரியர் குரல் தெளிந்த நீர் போல் வந்தது. அவ்வளவில் என் பாதிப் பிணி தீர்ந்தது.

அவர் விளக்கியதை என் சொல்லிற் கூறுகிறேன். நாடாப் பொறியினின்று அம்பிளிபயருக்குச் செல்லும் மின்னழுத்தம் ஏறத்தாழ அரை வோல்ற். அதனை ஏற்கும் வாயிலின் தடை பெரும்பாலும் பத்தாயிரம் ஓமுக்குக் குறையாது. ஆதலின் வடத்தில் ஓடும் மின்னோட்டம் ஓர் அம்பியரில் இருபதினாயிரத்தில் ஒரு பங்கும் தேறாது. மயிரிழையன்ன செம்புக் கம்பி அதற்குப் போதும். வெள்ளி செம்பினும் நூற்றுக்கு ஏறத்தாழ 6 மடங்கு நன்றாக மின்கடத்தும் என்பது தவறு. நூற்றுக்கு 6 பங்கு என்பதே சரி. யான் முதலில் அவ்வாறு பிழைபடக் கேட்டு வியந்தேன்! வடத்தின் தடை ஓர் ஓமிற் சிறு பின்னமாக இருக்கையில், அந்த ஆறு பங்கு எங்கே காதிற் படப்போகிறது?

வடத்தில் நோக்கத்தக்கது அதன் காப்புறை. நடுக்கம்பியைச் சூழப் பின்னிய செப்பு வலை, வீட்டு மின்சாரத்தின் 50 சுற்று அதிர்வு உள்ளே புகாது தடுக்கிறது. அதுவே மின் திரும்பும் வழியுமாகும். எங்கள் வடத்தின் பிளக்கொன்றைத் திருகித் திறந்தார். ஈயப்பற்று விட்டு, அவ்வலை தனியே தொங்கிக்கொண்டிருந்தது.

நெருங்கப் பின்னிய செப்பு வலையும் இறுகப் பற்றும் பிளக்கும் உடைய ஒரு மீற்றர் வடமொன்றை வாங்கினோம். பிளக்கிற்கு மெல்லிய பொன்முலாம் இருத்தல் எங்கள் உப்புக்காற்றுக்கு வேண்டியதே. பொன் களிம்பேறாது. விலை ஒரு நாவலின் விலை. மாணவர் நண்பரிடமிருந்து பருத்த வடமொன்றும் கொணர்ந்து, யான் கண்மூடியிருக்க ஐந்து முறை மாற்றி மாற்றிப் பூட்டினார். இரண்டு முறையே சரியாகச் சொன்னேன்.

இசைத்தட்டு வைத்திருப்போர்க்கு மட்டும் கதை சற்று வேறு. காந்தம் அசையும் வகை ஊசித்தலை தருவது வோல்ற்றில் ஆயிரத்தில் ஐந்து பங்களவே; ஆதலால் இரைச்சல் எளிதிற் புகும். அன்றியும், வடத்தின் கொள்ளளவம் அங்கே மேலொலிகளின் சாயலை மாற்றும். சாதாரண வடத்தில் அது மீற்றருக்கு 100 பிக்கோபரட்டு அளவில் இருக்கும். ஊசித்தலையோடு வரும் தாளிற் குறித்த அளவைப் பார்த்து, குறுகிய வடத்தைத் தேர்க. நாடாப் பொறிக்கு இக்கவலை வேண்டா.

புதிய வடம் பூட்டிய மாலை, வேற்றுமை மயக்கம் பற்றிய பாடம் முழுவதையுங் கேட்டேன். முற்றத்துக் காகமொன்று கரைகிறது. ஆசிரியர் வினவ, ஒரு மாணவன் தவறான விடை சொல்லுகிறான். அவர் சிறிது பொறுத்து, “மறுபடி சொல்லும்” என்கிறார். அம்மாணவன் யானே. நாடாவின் மறுபக்கத்தை இன்னும் கேட்கவில்லை. கணினியிற் பதிந்த பின்னரே அதனை ஓட்டலாம் என்பது மாணவரின் கட்டளை. வரும் சனிக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார்.