வலி நின்றது, கிருமி நீங்கிற்றா?

நாமக்கல்லிலிருந்து சரக்கேற்றி வட மாநிலங்களுக்குச் செல்லும் லாரி ஓட்டுநர்களும், திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளில் மாதக்கணக்கில் வெளியூரில் தங்கிப் பணிபுரிவோரும் எங்களிடம் வரும்போது பெரும்பாலும் ஒன்றையே கூறுகின்றனர். மேல்வயிற்றில் எரிச்சல், வெறும் வயிற்றில் வலி, நள்ளிரவில் விழிப்பு. மருந்துக் கடையில் ‘கேஸ் மாத்திரை’ வாங்கி விழுங்கினால் அடங்குகிறது. சில வாரங்களில் திரும்பவும் வருகிறது. நேரம் தவறிய உணவும் காரமுமே காரணம் என்று அவர்களே முடிவும் செய்துவிடுகின்றனர். காரம் எரிச்சலைக் கூட்டலாம். புண்ணை உண்டாக்குவது அதுவன்று.

வயிற்றுப்புண்ணுக்கு முதன்மையான காரணங்கள் இரண்டு. ஒன்று, உடல்வலிக்காக நாள்தோறும் உட்கொள்ளும் வலிநிவாரணி மாத்திரைகள். மற்றொன்று, ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் பாக்டீரியா. ஆஸ்திரேலியாவின் ராபின் வாரன், பாரி மார்ஷல் ஆகியோர் 1982-இல் இதனை இரைப்பையிலிருந்து பிரித்து வளர்த்தனர். அமிலத்தில் கிருமி வாழாது என்று பலரும் நம்ப மறுத்ததால், 1984-இல் மார்ஷல் அக்கிருமியைத் தாமே குடித்து இரைப்பை அழற்சிக்கு ஆளானார். இருவருக்கும் 2005-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இக்கிருமி பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலேயே வீட்டுக்குள் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுகிறது. நம் நாட்டில் வயது வந்தோரில் பாதிப் பேருக்கு மேல் இது இருக்கிறது. பலருக்கு எத்தொல்லையும் இல்லை. ஆகவே தொற்று என்று அறிந்ததும் தட்டையும் தம்ளரையும் ஒதுக்கிவைத்து அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் புண் உள்ளவர்களும், பெற்றோர் அல்லது உடன்பிறந்தோரில் எவருக்கேனும் இரைப்பைப் புற்றுநோய் வந்தவர்களும் பரிசோதித்துக்கொள்வது அவசியம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1994-இலேயே இக்கிருமியைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் வகுப்பில் சேர்த்துவிட்டது.

சிகிச்சை வழக்கமாக 14 நாள்கள். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையுடன், இரண்டோ மூன்றோ கிருமிக்கொல்லி மருந்துகள் தரப்படும். சிலருக்கு பிஸ்மத் மருந்தும் சேரும். இங்குதான் இடர் நேர்கிறது. நான்காம், ஐந்தாம் நாளிலேயே வலி நின்றுவிடும். அதை நிறுத்தியது பெரும்பாலும் அமிலம் குறைந்தது. கிருமி இன்னும் உயிருடனிருக்கும். அந்நாளில் மாத்திரையை விட்டுவிட்டால், எஞ்சிய கிருமிகள் அம்மருந்துக்கு அடங்காதவையாக மாறக்கூடும். மெட்ரோனிடசோலுக்கு அடங்காத கிருமிகள் நம் நாட்டில் ஏற்கெனவே மிகுதி.

வாயில் உலோகச் சுவை, குமட்டல், இளகிய மலம் ஆகியவை வரக்கூடும். பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளத் தக்கவையே. பிஸ்மத் உட்கொண்டால் நாக்கும் மலமும் கருக்கும். அதற்காக அஞ்ச வேண்டா. ஆனால் தார்போல ஒட்டும், நாறும் கரிய மலமோ, இரத்த வாந்தியோ, தலைச்சுற்றலோ வந்தால் உடனே அவசரப் பிரிவுக்கு வாருங்கள். மெட்ரோனிடசோல் உட்கொள்ளும் நாள்களில் மது கூடவே கூடாது. பென்சிலின் ஒவ்வாமை உள்ளவர்களும், இதயநோய்க்கு மாத்திரை உட்கொள்பவர்களும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பயணம் இடையில் வருமென்றால் அதையும் சொல்லுங்கள். அடுத்த நடை கிளம்பும் நாளைப் பார்த்துச் சிகிச்சையின் தொடக்கத்தைத் தள்ளிவைப்பது, பாதியில் விடுவதைவிட நல்லது.

கிருமி நீங்கியதா என்பதைப் பரிசோதனைதான் சொல்லும். யூரியாவைச் சிதைத்து அம்மோனியா உண்டாக்கியே இக்கிருமி அமிலத்தைத் தணிக்கிறது; அத்தடயத்தையே மூச்சுப் பரிசோதனை தேடுகிறது. மலப் பரிசோதனையும் உதவும். இரத்தத்தில் எதிர்ப்பொருளைப் பார்க்கும் பரிசோதனை இதற்குப் பயன்படாது. கிருமி போன பின்னும் அது நெடுங்காலம் தொற்றையே காட்டும். கிருமிக்கொல்லிகளை முடித்து நான்கு வாரங்களேனும் சென்ற பின், அமிலம் குறைக்கும் மாத்திரையை இரண்டு வாரம் நிறுத்தி வர வேண்டும். வீட்டில் ‘கேஸ் மாத்திரை’ மிச்சமிருந்தால் அதுவும் இக்கணக்கில் சேரும். கிருமி இன்னும் இருப்பது தெரிந்தால், முன்பு தந்ததையே திரும்பத் தரமாட்டோம்; வேறு மருந்துகளைத் தேர்வோம். அதற்குப் பழைய மருந்துச்சீட்டு வேண்டும், பத்திரப்படுத்தி வையுங்கள்.