235 பேர் இருந்த ஊர்ல ஒரு ஸ்கூல்: தலை எண்ணுற கணக்கு

இன்னைக்குப் பேசப்போற ஊர் வால்டன். அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்துல இருக்கு. 2010 கணக்கெடுப்புல மொத்த மக்கள்தொகை 235. நம்ம பக்கம் ஒரு அபார்ட்மென்ட் பிளாக்லயே அவ்வளவு பேர் இருப்பாங்க.

அங்க ஒரு ஆரம்பப் பள்ளி. பசங்க குறைஞ்சுக்கிட்டே வந்ததால மூடிடுவாங்களோன்னு ஒரு பயம். 2007ல அதை சார்ட்டர் ஸ்கூலா மாத்தினாங்க. சார்ட்டர்னா பிரைவேட் இல்லைங்க. அரசுப் பணம், ஃபீஸ் கிடையாது. ஆனா எப்படிச் சொல்லிக் கொடுக்கிறதுங்கிறதுல தனி ஒப்பந்தம். இங்க எல்லாப் பாடமும் விவசாயத்தை வச்சுத்தான். பசங்க கோழி வளர்த்து முட்டை வித்தாங்க. கணக்குப் பாடம் அதுலயே வந்துடும். பக்கத்து நியூட்டன் டவுன்லேர்ந்து பசங்க வர ஆரம்பிச்சாங்க, ஸ்கூல் நிறைஞ்சது.

ஏன் தலை எண்ணிக்கை இவ்வளவு முக்கியம்? கான்சஸ்ல செப்டம்பர் 20 அன்னைக்கு எண்ணுற கணக்குதான் அடிப்படை. மாணவருக்கு இவ்வளவுன்னு பணம் வரும். பெரிய ஸ்கூல்ல 10 பேர் போனா சமாளிச்சுடலாம். சின்ன ஸ்கூல்ல அந்த 10 பேர் ஒரே வகுப்புலேர்ந்து போக மாட்டாங்க, வகுப்புக்கு ரெண்டு பேரா போவாங்க. அதனால ஒரு டீச்சரையும் குறைக்க முடியாது. பஸ்ஸும் அதே தூரம்தான் ஓடணும். வருமானம் மட்டும் குறையும்.

அடுத்தது, யார் படிக்கிறாங்கங்கிற விவரம். எனக்கு இதுதான் சுவாரசியம். ஒரு பேச்சுக்கு 80 பசங்க, அதுல ஹிஸ்பானிக் 4 பேர், அதாவது 5 சதவீதம்னு வைங்க. நாலு பிள்ளைங்க இருக்கிற ஒரே ஒரு ஹிஸ்பானிக் குடும்பம் புதுசா குடிவந்தா அது கிட்டத்தட்ட 10 சதவீதம். கிராஃப்ல பார்த்தா புரட்சி மாதிரி தெரியும். நடந்தது ஒரு வீடு மாத்தினதுதான். அதனால ஒரு வருஷத்தை மட்டும் பார்த்துட்டு 'ட்ரெண்ட்'னு சொன்னா நான் நம்ப மாட்டேன். நாலஞ்சு வருஷத்தைச் சேர்த்துப் பாருங்க.

இன்னொரு சிக்கல் பிரைவசி. மாணவர் தகவலைக் காக்க 1974லயே அங்க ஒரு கூட்டாட்சிச் சட்டம் வந்துடுச்சு. அதனால எண்ணிக்கை ரொம்பச் சின்னதா இருந்தா அந்தக் கட்டத்தை மறைச்சுடுவாங்க. ஆனா ஒரு கட்டத்தை மட்டும் மறைச்சா, மொத்தத்துலேர்ந்து மத்ததைக் கழிச்சு எவனும் கண்டுபிடிச்சுடுவான். அதனால ரெண்டாவது ஒண்ணையும் மறைக்கணும். குடும்ப வருமானம் வறுமைக்கோட்டுல 185 சதவீதத்துக்குள்ள இருந்தா மதிய உணவு இலவசம் இல்லன்னா குறைஞ்ச விலை. அந்தப் பட்டியல்ல மூணு பேர்னு போட்டா, எல்லாருக்கும் எல்லாரையும் தெரிஞ்ச ஊர்ல அந்த மூணு பேர் யாருன்னு சாயங்காலத்துக்குள்ள தெரிஞ்சுடும்.