மாட்டுக்கு ஊசி போடுபவர் யார்?

தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு டிரெசர் யார் என்று விளக்க வேண்டியதில்லை. காய்ச்சலா, கையில் வெட்டுக்காயமா, முதலில் ஓடியது அவரிடம்தான். அவர் டாக்டர் அல்லர். இருந்தும் நம்பினோம். காரணம், அவருக்குப் பயிற்சி இருந்தது. 1965ஆம் ஆண்டிலேயே தோட்ட மருத்துவ உதவியாளர்களைப் பதிவு செய்யும் சட்டமும் வந்துவிட்டது. மருத்துவமனைத் தாதியருக்கு அதற்கு முன்பே 1950ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு.

அப்படியானால் நம் மாட்டுக்கும் ஆட்டுக்கும் டிரெசர் யார்?

நம் நாட்டில் 1974ஆம் ஆண்டின் கால்நடை மருத்துவர் சட்டம் இருக்கிறது. அதன்படி மலேசியக் கால்நடை மருத்துவ மன்றம் மருத்துவர்களைப் பதிவு செய்கிறது. அவர்களுக்குத் துணை நிற்கும் தாதிக்கு அதில் பதிவேடு இல்லை. அதனால் நன்கு பயின்ற உதவியாளரும், பார்த்துப் பழகி ஊசி பிடித்தவரும் நம் கண்ணுக்கு ஒன்றாகவே தெரிகிறார்கள். ஆபத்து இங்கேதான் இருக்கிறது.

கால்நடைத் தாதியின் வேலை என்ன? உடல் வெப்பம் பார்ப்பது, புண்ணைக் கழுவிக் கட்டுவது, அறுவைச் சிகிச்சையின்போது மயக்கத்தில் இருக்கும் பிராணியின் மூச்சையும் நாடியையும் கவனிப்பது, கருவிகளைச் சுத்தம் செய்வது, வீட்டுப் பராமரிப்பை உரிமையாளருக்குச் சொல்லித் தருவது. நோய் இன்னதென்று முடிவு செய்வதும் மருந்து எழுதுவதும் மருத்துவரின் பொறுப்பு. பிரிட்டனில் இதற்கான பயிற்சி 1961இல் தொடங்கியது. அங்கே பதிவுபெற்ற தாதி, மருத்துவர் பணித்தால் சிறு அறுவைச் சிகிச்சையும் செய்யலாம். ஆனால் வயிற்றையோ மார்பையோ திறக்கக் கூடாது. இந்தியாவின் 1984ஆம் ஆண்டுச் சட்டமும், பயிற்சிச் சான்றிதழ் பெற்றவர் கால்நடை மருத்துவரின் மேற்பார்வையில் சிறு சிகிச்சைகளைச் செய்ய இடம் தருகிறது. இதைச் செய்யலாம், இதைச் செய்யக் கூடாது என்று எல்லை வகுத்துவிட்டார்கள்.

‘மாட்டு விஷயத்துக்கு இவ்வளவு சட்டமா?’ என்று சிலர் கேட்கலாம். நெகிரி செம்பிலானில் வாழும் நாம் அப்படிக் கேட்கலாமா? நிப்பா கிருமிக்குப் பெயர் தந்ததே நம் மாநிலத்துச் சுங்கை நிப்பா கிராமம்தானே! 1998இல் பேராக்கில் தொடங்கிய நோய், புக்கிட் பெலாண்டோக் பன்றிப் பண்ணைகளுக்குப் பரவியது. முதலில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று எண்ணிக் கொசுவை ஒழிக்கப் புகையடித்தார்கள். 1999 மார்ச்சில்தான் இது புதிய கிருமி என்று தெரிந்தது. அதற்குள் காலம் கடந்துவிட்டது. நம் நாட்டில் 265 பேருக்கு நோய் கண்டு 105 பேர் மாண்டார்கள். பத்து லட்சத்துக்கும் அதிகமான பன்றிகள் அழிக்கப்பட்டன. நோய் கண்டவர்களில் பெரும்பாலோர் பன்றிகளோடு நெருங்கிப் பழகி வேலை செய்தவர்கள். பிராணியைத் தொடுபவருக்குப் பயிற்சியும் கையுறையும் ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையா?

இன்னொன்றையும் கவனியுங்கள். கறவை மாட்டுக்குக் கிருமிக்கொல்லி ஊசி போட்டால், மருந்துப் புட்டியில் குறித்துள்ள நாள்வரை பாலைக் கறந்து கொட்டிவிட வேண்டும். ஊசி போடுபவருக்கு இது தெரியாவிட்டால் அந்த மருந்து அண்டை வீட்டுக் குழந்தையின் பாலில் போய்ச் சேரும்.

2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டப்படி, பிராணியை வலியிலிருந்தும் நோயிலிருந்தும் காப்பது உரிமையாளரின் கடமை. கொடுமைக்குக் குறைந்த அபராதமே 20,000 ரிங்கிட். கடமையை நம்மிடம் கொடுத்த சட்டம், துணைக்கு வருபவரின் தகுதியையும் உறுதி செய்ய வேண்டாமா?

அதுவரை நாம் செய்யக்கூடியது உண்டு. ஊசியோடு வருபவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: எங்கே பயின்றீர்கள்? எந்த மருத்துவர் சொல்லி இந்த மருந்து? பாலை எத்தனை நாள் ஒதுக்க வேண்டும்? பதில் வராவிட்டால் மாவட்டக் கால்நடைச் சேவை அலுவலகத்தை நாடுங்கள்.

பிராணிகளிடம் அன்புள்ள நம் பிள்ளைகளுக்கும் இது நல்ல தொழில். ஜொகூர், குளுவாங்கில் அரசாங்கப் பயிற்சிக் கழகம் இருக்கிறது. மாடு வளர்த்த குடும்பத்துப் பிள்ளை முறையாகப் பயின்று வந்தால், அந்தக் கைக்கு ஒரு பதிவேடு கேட்கும் உரிமை நமக்கு இன்னும் வலுவாகும்.