புள்ளி அட்டையில் பதியாத பாதி ஆட்டம்

புதுதில்லி: நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றிய தேசிய விளையாட்டு ஆளுகைச் சட்டம், அணித் தேர்வு முதல் சங்கத் தேர்தல் வரையிலான பிணக்குகளை விசாரிக்கத் தீர்ப்பாயம் ஒன்றை அமைக்க வகை செய்கிறது. தகுதியிருந்தும் ஒதுக்கப்பட்டதாகக் கருதும் வீரர்களுக்கு இது ஒரு புதிய வாயில். ஆனால் அந்த வாயிலில் வந்து நிற்பவர் தமது தகுதியை எதைக் கொண்டு நிறுவுவார்? ஓட்டப்பந்தய வீரரிடம் நேரக் கணக்கு இருக்கிறது. கூடைப்பந்தில் எதிரணியைத் தடுப்பதையே முதல் பலமாகக் கொண்ட பாயின்ட் கார்டிடம் காட்டுவதற்கு அநேகமாக ஒன்றும் இல்லை.

பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் என்றதும் தமிழக வாசகர்களுக்குப் பரம்பிக்குளம்-ஆழியாறு நீர்ப் பங்கீடே நினைவுக்கு வரும். தமிழ் பேசும் குடும்பங்கள் பெருமளவில் வாழும் இவ்வட்டத்துக்குக் கிழக்கே எல்லையைத் தாண்டினால் கோவை மாவட்டம். அங்கே பி.எஸ்.ஜி. கோப்பைக்காக நாட்டின் முன்னணிக் கூடைப்பந்து அணிகள் மோதுகின்றன. இடுக்கி எல்லையில் மலையிறங்கினால் தேனி மாவட்டம். அங்குள்ள பெரியகுளத்தில் சில்வர் ஜூபிலி விளையாட்டுக் கழகம் அகில இந்தியப் போட்டியை நடத்துகிறது.

ஆட்டம் எல்லை பார்ப்பதில்லை. அணித் தேர்வு பார்க்கிறது. சித்தூர்ப் பிள்ளை பாலக்காடு வழியாகக் கேரள அணிக்குச் செல்ல வேண்டும். பொள்ளாச்சிப் பிள்ளை கோவை வழியாகத் தமிழக அணிக்குச் செல்ல வேண்டும். இரண்டுமே கூடைப்பந்தில் வலுவான மாநிலங்கள். அணியிலோ இடங்கள் பன்னிரண்டு. மாநில அணியில் ஆடிய சான்றிதழ்தான் ரயில்வே, வங்கி, மின்வாரியம் ஆகியவற்றின் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைக்கு வழி. எனவே தேர்வாளர் எதைப் பார்க்கிறார், எதைப் பார்க்கத் தவறுகிறார் என்பது ஒரு குடும்பத்தின் வாழ்க்கையைத் தீர்மானிக்கும் விஷயம்.

காவலின் முதல் வரிசை

பாயின்ட் கார்டு என்பவர் பந்தை முன்னெடுத்துச் சென்று தாக்குதலை வகுப்பவர் என்பது பொதுவாக அறிந்ததே. எதிரணியிடம் பந்து இருக்கும்போது அவரே காவலின் முதல் வரிசை என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அவரது தற்காப்பை மதிப்பிட நான்கு கேள்விகள் போதும்.

முதலாவது, பந்தைக் கொண்டுவருபவரை அவர் எவ்வளவு நெருக்குகிறார்? சர்வதேச விதிப்படி ஓர் அணி 8 விநாடிக்குள் நடுக்கோட்டைக் கடக்க வேண்டும். 24 விநாடிக்குள் கூடையை நோக்கி எறிய வேண்டும். நெருக்குதலால் நடுக்கோட்டைக் கடக்கவே 7 விநாடி ஆகிவிட்டால், தாக்குதலை வகுக்க எதிரணிக்கு 17 விநாடிகளே மிஞ்சும். இந்த உழைப்பு அட்டையில் எந்தக் கட்டத்திலும் ஏறாது.

இரண்டாவது, எதிரணியின் உயரமான ஆட்டக்காரர் குறுக்கே நின்று மறிக்கும்போது, அந்த மறிப்பை எப்படிக் கடக்கிறார்? மறிப்புக்கு முன்புறமாக நெருங்கிச் சென்றால் எதிராளியின் தூர எறிதலைத் தடுக்கலாம். பின்புறமாகச் சென்றால் கூடையை நோக்கிய பாய்ச்சலைத் தடுக்கலாம். எதிரே இருப்பவரின் பலம் அறிந்து நொடியில் முடிவெடுப்பதே திறமை.

மூன்றாவது, ஆள் மாறி, தம்மைவிட உயரமானவரைக் காக்க நேர்ந்தால் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கிறார்? நான்காவது, ஃபவுல் கணக்கு. ஐந்து ஃபவுல் செய்தவர் வெளியேற வேண்டும். ஒரு கால்பகுதியில் அணி நான்கு ஃபவுல்களைச் செய்துவிட்டால், அடுத்த தற்காப்பு ஃபவுல் முதல் எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ கிடைக்கும். ஆர்வக்கோளாறான தற்காப்பு எதிரணிக்கு இலவசப் புள்ளிகளாக முடியும்.

எண் சொல்லாத உண்மை

தற்காப்பு தொடர்பாக அட்டையில் ஏறும் எண்களுள் பாயின்ட் கார்டுக்கு உரியதாகக் கருதப்படுவது பந்துப் பறிப்பு. அந்த எண்ணும் முழு உண்மையைச் சொல்லாது என்பதற்கு அமெரிக்காவின் ஸ்டீபன் கரியே சான்று. 2015-16 பருவத்தில் சராசரியாக ஓர் ஆட்டத்துக்கு 2.14 பந்துப் பறிப்புகளுடன் என்.பி.ஏ. தொடரில் முதலிடம் பெற்றவர் அவர். அதே பருவத்தின் இறுதிச் சுற்றில், ஏழாவது ஆட்டம் 89-89 எனச் சமநிலையில் இருந்தபோது, கிளீவ்லாந்து அணி கரி காத்துநின்ற வீரரையே மறிப்புக்கு அழைத்தது. ஆள் மாறியது. கைரி இர்விங் கரியின் எதிரில் பந்தைப் பெற்று, 53 விநாடிகள் எஞ்சியிருந்தபோது மூன்று புள்ளி எறிதலை வெற்றிகரமாக முடித்தார். கிளீவ்லாந்து 93-89 என வென்றது.

பறிப்பில் முதலிடம் பெற்றவரை எதிரணி ஏன் தேடிப் பிடித்தது? கரியின் பலம், எதிரணி பந்தை அனுப்பவிருக்கும் திசையை முன்கூட்டி உணர்வதும் விரைவான கைகளும். உடல் வலிமையுள்ளவரைத் தனித்து எதிர்கொள்வது அன்று அவரது பலவீனம். இரண்டும் ஒரே ஆட்டக்காரரிடம் இருந்தன. அட்டை ஒன்றை மட்டுமே சொன்னது. அந்தப் பலவீனம் தலைவிதியும் அன்று. உடலை வலுப்படுத்திக்கொண்ட கரி, 2022 இறுதிச் சுற்றில் பாஸ்டன் அணியை எதிர்கொண்டு கோப்பையையும் சிறந்த வீரர் விருதையும் வென்றார்.

குள்ளமாக இருப்பவர் தற்காப்புக்கு உதவமாட்டார் என்ற எண்ணமும் நம் தேர்வுக்களங்களில் உண்டு. டோக்கியோ ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற ஜப்பான் மகளிர் அணி, அப்போட்டியின் உயரம் குறைந்த அணிகளுள் ஒன்று. அதன் பாயின்ட் கார்டு ருய் மச்சிதாவின் உயரம் 162 சென்டிமீட்டர். ஓயாத ஓட்டமும் நெருக்குதலும் அந்த அணியின் ஆயுதங்களாக இருந்தன.

இந்தியாவின் பாடம்

2014 ஜூலையில் சீனாவின் வூஹான் நகரில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்திய ஆடவர் அணி சீனாவை 65-58 எனத் தோற்கடித்தது. 65 புள்ளிகள் பெரிய எண்ணிக்கையன்று. சீனாவை 58-இல் நிறுத்தியதே வெற்றியைத் தந்தது. 2017 ஜூலையில் பெங்களூருவில் நடந்த மகளிர் ஆசியக் கோப்பை இரண்டாம் பிரிவு இறுதியாட்டத்தில் இந்தியா கஜகஸ்தானை 75-73 என வென்றது. இரண்டு புள்ளி வித்தியாசத்தில் வென்ற ஆட்டத்தில், போட்ட ஒரு கூடைக்கும் தடுத்த ஒரு கூடைக்கும் ஒரே விலைதான்.

அந்த வெற்றியால் முதல் பிரிவுக்கு உயர்ந்த அணி 2019-லும் 2021-லும் எட்டு அணிகளில் எட்டாவதாக முடிந்தது. ஜப்பான், தென்கொரியா போன்ற அணிகளின் வேகமான கார்டுகளைத் தடுக்கக்கூடியவர்களைத் தேடிக் கண்டுபிடிக்காமல் அந்த மட்டத்தில் நிலைப்பது கடினம். அத்தகையவர் மாவட்டத் தேர்வில் நான்கு புள்ளி மட்டுமே எடுத்திருப்பார். பட்டியலில் பதினைந்தாவது பெயராக நின்றுபோயிருப்பார்.

இதற்குத் தீர்வு செலவு மிக்கதன்று. மாவட்ட, மாநிலத் தேர்வு ஆட்டங்களில் தற்காப்புக்கெனத் தனிக் குறிப்புத் தாள் வேண்டும். எதிராளி நடுக்கோட்டைக் கடக்க எடுத்த விநாடிகள், மறிப்பைக் கடந்த முறை, கைநீட்டித் தடுத்த எறிதல்கள், தம் ஆளுக்கு விட்டுக்கொடுத்த புள்ளிகள், செய்த ஃபவுல்கள் ஆகிய ஐந்து பத்திகள் அதில் இருந்தால் போதும். இரண்டு பார்வையாளர்கள் தனித்தனியே குறிக்க வேண்டும். கைப்பேசியில் ஆட்டத்தைப் பதிவு செய்து வைக்க வேண்டும். தேர்வு முடிந்ததும் அந்தத் தாளைச் சம்பந்தப்பட்ட ஆட்டக்காரரின் கையில் கொடுக்க வேண்டும்.

சட்டம் தீர்ப்பாயத்துக்கு வழி திறந்துவிட்டது. ஆவணம் இல்லாத வழக்கில் எந்தத் தீர்ப்பாயமும் தேர்வாளரின் வாய்மொழியைத்தான் நம்ப வேண்டியிருக்கும். சித்தூரிலோ பெரியகுளத்திலோ பந்தைத் துரத்திக்கொண்டிருக்கும் சிறுமிக்குத் தேவை சலுகை அன்று. ஆட்டத்தின் மறுபாதியில் அவள் செய்வதையும் யாரேனும் எழுதி வைக்க வேண்டும்.